இடது மோதிர விரல்

ஆர்டன்வெளித் தோட்டம், மேல்பிரிவு,
நமுனுகுல.
14.06.2024

தயானி மேடம் அவர்களுக்கு,

மேல்பிரிவுக் கணக்கப்பிள்ளை புவனேந்திரன் எழுதுவது. பதுளையில் எட்டாம் வகுப்பிலிருந்து ஏ.எல். வரைக்கும் உங்களுக்குப் பின் வாங்கில் இருந்தவன்தான். கம்பெனி ஜீப்பில் வந்து இறங்கினவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மேடம் போட்டிருக்கிறேன். நலம் விசாரிக்கப் போவதில்லை, கோபத்தில் இருக்கிறேன்.

"குறை இருந்தால் மெஷினுக்குள்ள எழுதாதையும், அது நேரே மேலிடத்துக்குப் போகும். எனக்குத் தபாலில எழுதும்" என்று ஜீப்பில் ஏறும்போது சொன்னீர்கள். அதனால்தான் இந்த முத்திரைச் செலவு.

நீங்கள் வைத்துவிட்டுப் போன விரல் மெஷின் எங்கள் பதினொரு பெண்களைத் தெரியாது என்கிறது. இரண்டு கிழமையாக ஒவ்வொரு காலையும் பெரட்டுக்களத்தில் இதே கூத்துத்தான். மலைக்கு ஆள் பிரிப்பதற்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள், விரலை வைக்கிறார்கள், சிவப்பு எரிகிறது. உடனே உங்கள் குரல் வேறு: "தயவுசெய்து மீண்டும் முயற்சிக்கவும்." கம்பெனிக்குத் தமிழில் பேச வேறு ஆள் கிடைக்கவில்லையா? ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தக் குரலைக் கேட்டால் பள்ளிக்கூட ஞாபகமெல்லாம் கசந்துவிடும் போலிருக்கிறது.

மாரியாயி அக்காவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு உங்கள் காலுக்கு அட்டை ஏறியபோது சுண்ணாம்பு தடவிவிட்டவர். ஐம்பத்தொரு வயது. விரல் முழுக்கக் கொழுந்துக் கறை, வெடிப்பு, ரேகை என்று ஒன்று இல்லவே இல்லை. தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்தார், தேசிக்காய் தேய்த்துப் பார்த்தார். நேற்று எல்லார் முன்னாலும் மெஷினைப் பார்த்துக் கேட்டார்: "இந்த வெரலால முப்பத்தோரு வருசமா ஒங்க கம்பெனிக்குக் கொழுந்து பறிச்சுக் குடுத்தேன். அப்பெல்லாம் தெரிஞ்ச வெரலு இப்ப தெரியலியாமா?" களமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. பேர் கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டீர்கள். இத்தனை வருடமும் புத்தகத்தைப் பார்த்து நான் பேரைக் கூப்பிடுவேன், அவரவர் "இருக்கேன்" என்பார்கள். அந்தக் குரலிலேயே யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் இராத்திரி சண்டை என்று எனக்குத் தெரிந்துவிடும். மெஷினுக்கு அது தெரியுமா என்று நான் கேட்கவில்லை. ஆளே வந்திருக்கிறார் என்பதாவது தெரியட்டும் என்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. தொங்கல் காம்பிராவுக்கு, அதுதான் லயத்தின் கடைசி வீட்டுக்கு, மேலே இருக்கிற மேட்டில் மண் ஒரு கயிற்றுக் கனத்துக்குப் பிளந்திருக்கிறது. தோட்டத் துரைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பதில் போடுங்கள்.
புவனேந்திரன்

*

வெள்ளவத்தை.
25.06.2024

புவன்,

இதென்ன புதுசாக மேடமும் நீங்களும்? என்னுடைய கொம்பாஸ் பெட்டியைக் களவெடுத்த ஆளுக்கு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்தது? பழையபடி எழுதும். இல்லாவிட்டால் பதில் போடமாட்டேன்.

நீர் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். பெண்களின் விரல் தேய்ந்திருக்கும் என்று கூட்டத்தில் நானும் சொன்னேன். எங்கள் மேலாளர் அலவி சேர், "மற்றத் தோட்டங்களில் எல்லாம் ஓடுது, உங்கட ஊர்ப் பக்கம் மட்டும் ஏன் ஓடேல்ல?" என்று கேட்டார். அங்கே இருந்த பன்னிரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. அதை உமக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

நிலைமை இதுதான். கையால் பதிவது நூற்றுக்கு மூன்றைத் தாண்டக்கூடாது. பதினான்கு தோட்டங்களில் உம்முடைய மேல்பிரிவு மட்டும் என் கணினிப் பலகையில் சிவப்பாக நிற்கிறது. ஜூலை முடிவதற்குள் விரல் பதியாத ஆட்களைக் கணினி தானாகவே 'செயலற்றோர்' பட்டியலுக்கு மாற்றிவிடும். அங்கே போனவரைத் திரும்ப எடுப்பது லேசில் நடக்காது. மாரியாயி அக்காவின் முப்பத்தொரு வருடமும் அதோடு சரி.

ஆகவே ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேளும். எந்த விரல் வாசிக்குதோ அந்த விரலை அவர்களின் பெயரில் பதியும். யாருடைய கையில் இருக்கிற விரல் என்று மெஷின் கேட்காது. நானும் கேட்கமாட்டேன். ஒருதரம் பதிந்தால் பூட்டு விழுந்துவிடும், பிறகு இங்கேயிருந்துதான் திறக்கலாம். அதனால் யோசித்துச் செய்யும்.

இதை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடும். மறந்துவிடாதையும்.

தயானி

*

மேல்பிரிவு.
19.07.2024

தயானி,

சரி, பழையபடியே எழுதுகிறேன். கொம்பாஸ் பெட்டியை எடுத்தது நான் இல்லை. அதை எத்தனை வருடம் சொன்னாலும் நீ நம்பமாட்டாய்.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். ஒன்பது பேருக்கு வீட்டிலுள்ள சின்னவர்களின் விரல், ஒருவருக்கு மருமகனின் விரல். மாரியாயி அக்காவுக்கு மகள் சுபாஜினியின் விரல். அந்தப் பிள்ளை இரண்டு வருடம் கார்மென்டில் இருந்துவிட்டு இப்போதுதான் கொழுந்துக்கு வந்தது, விரல் இன்னும் கெடவில்லை. வலது பெருவிரல் தனக்கு, இடது மோதிர விரல் அம்மாவுக்கு. காலையில் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும். நீயும் இரண்டு தடவை "நன்றி, வருகை பதிவானது" என்பாய். அக்கா பின்னாலேயே நின்றுகொண்டு, "கட்டிக்குடுத்தா எம்பேரையுமுல்ல சேத்து அனுப்பணும்" என்று மகளைக் கேலி பண்ணுவார்.

பலகை பச்சையாகிவிட்டது என்று துரை கேக் வெட்டினார். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. பெரட்டுப் புத்தகத்தை ஸ்டோரில் வைத்துப் பூட்டச் சொன்னார், பூட்டிவிட்டேன்.

ஆனால் மனதுக்குச் சரியில்லை. சொல்லட்டுமா? அக்காவுக்கு முட்டு வருத்தம். குளிர் தொடங்கினால் மூச்சு இழுக்கும். போன செவ்வாய்க்கிழமை சுபாஜினி மட்டும் தனியாக வந்து நின்றது. "அம்மாவுக்கு முட்டுதுங்கய்யா. இன்னைக்கி மட்டும் வச்சிர்றேன்" என்றது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு இன்னும் மூன்று 'இன்னைக்கி மட்டும்' ஆகிவிட்டது. பேர் கூப்பிட்ட காலத்தில் இதை யாராலும் செய்ய முடியாது, அக்காவின் கரகரக் குரலுக்கு மகளால் பதில் கொடுக்க முடியுமா? மெஷினில் அவர் ஏழாம் நம்பர் மலையில் நிற்கிறார். ஆள் தொங்கல் காம்பிராவில் கம்பளிக்குள் கிடக்கிறார்.

மேட்டு வெடிப்புக்குள் இப்போது விரல் நுழைகிறது. துரையிடம் மறுபடி சொன்னேன், எழுதியாயிற்று என்றார்.

கடிதத்தை அடுப்பில் போடச் சொன்னாய். எங்கள் குவாட்டர்ஸில் கேஸ் அடுப்பு. கடிதம் போட அதில் இடமில்லை. டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

புவன்

*

வெள்ளவத்தை.
02.09.2024

புவன்,

பகிடி விடாமல் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடும். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நல்ல செய்தி ஒன்று. என்னை இந்தத் திட்டத்துக்கே பொறுப்பாக்கிவிட்டார்கள். அலவி சேர் எல்லார் முன்னாலும் கைகொடுத்தார். அப்பாவுக்குச் சொன்னேன், பதுளைக் கச்சேரியில் முப்பது வருடம் கிளாக்காக இருந்த மனிசன், "பெரிய கந்தோரில பெரிய கதிரை, கவனம் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். சந்தோசப்படத் தெரியாத மனிசன்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். இந்த மாதத்திலிருந்து வருகைப் பதிவோடு புதுப் பக்கம் ஒன்று சேர்க்கிறோம். காலையில் விரல் வைத்த ஆள் எந்த மலையில் நிற்கிறார், விரல் வைக்காத ஆள் யார், எல்லாம் இங்கே கொழும்பில் தெரியும். மண்சரிவோ வெள்ளமோ வந்தால் பட்டியலை ஒரு நிமிடத்தில் இராணுவத்துக்கும் மாவட்டக் கந்தோருக்கும் அனுப்பலாம். விரல் வைத்தவர் மலையில் பத்திரம். வைக்காதவரைத்தான் தேடவேண்டும். எவ்வளவு நேரம் மிச்சமாகும், யோசித்துப் பாரும். இது என்னுடைய யோசனை. எங்கள் ஊரை நினைத்துத்தான் செய்தேன்.

பேர் கூப்பிடுவதைத் திரும்பக் கேட்காதையும். அதற்கு ஒவ்வொரு காலையும் பதினெட்டு நிமிடம் போகுது என்று நானே மணிக்கூடு பிடித்துப் பார்த்து அறிக்கை கொடுத்தேன். இப்போது நானே மாற்றிச் சொல்ல முடியாது.

தயானி

*

மேல்பிரிவு.
20.10.2024

தயானி,

உன் புதுப் பக்கம் வந்துவிட்டது. துரை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அழகாகத்தான் இருக்கிறது, மலைக்கு மலை பச்சைப் புள்ளிகள். ஏழாம் நம்பரில் ஒரு புள்ளியைத் தொட்டேன், மாரியாயி என்று வந்தது. அன்றைக்கு அவர் வீட்டில் இருந்தார்.

வீட்டுக்கு வந்து உன் செப்டெம்பர்க் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். விரல் வைத்தவர் பத்திரம், வைக்காதவரைத்தான் தேடவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எழுதும்போது அந்தப் பதினொரு பேர் உன் ஞாபகத்துக்கு வரவே இல்லையா? வந்தும் எழுதினாயா? நேராகக் கேட்கிறேன், கோபப்பட்டால் படு.

பதினைந்து நாளாக மழை விடவில்லை. மேட்டு வெடிப்பில் குச்சியை விட்டேன், முழுக் குச்சியும் போய்விட்டது. பிறகு கையை விட்டேன், முழங்கை வரைக்கும் போகிறது, அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. எச்சரிக்கை வந்து இரண்டு தடவை எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். ஒன்றும் நடக்கவில்லை என்று திரும்பி வந்துவிட்டார்கள். அக்காவைக் கேட்டால், "ஈரத் தரையில படுத்து முட்டுல சாவுறதுக்கு எங்காம்பிராவுலேயே சாவுறேன்" என்கிறார். வாயில் நல்ல வார்த்தையே வராது இந்த மனுசிக்கு.

எனக்கு இரண்டு காரியம் வேண்டும். அந்தப் பூட்டைத் திற, பதினொரு பேரின் பதிவையும் அழித்துவிடுகிறேன். அழித்தால் அவர்களைப் பேர் கூப்பிட்டுக் கையால் பதிய அனுமதி கொடு. இங்கே நானாக வெளியில் சொன்னால் பதினொரு பேரும் கள்ளப் பதிவு என்று வேலையை விட்டுப் போவார்கள். உள்ளே இருந்து நீதான் செய்ய முடியும். துரையிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "சிஸ்டத்தில் இருக்கா? இருந்தா சரி" என்றார்.

கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

புவன்

*

வெள்ளவத்தை.
04.11.2024

புவன்,

ஞாபகத்துக்கு வந்தது. வந்தும்தான் எழுதினேன். நீர் நேராகக் கேட்டதால் நேராகச் சொல்கிறேன். அதை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டேன். நித்திரை வராத நாட்களில் அது தானாகவே திரும்பி வருகிறது.

டிசம்பர் பத்தாம் திகதி வெளியார் வந்து கணினிப் பதிவுகளைச் சோதிக்கப் போகிறார்கள். இப்போது பூட்டைத் திறந்தால் யார் திறந்தது, எப்போது, ஏன் என்று என்னுடைய பெயரோடு விழும். பதினொரு விரல் ஒரே நாளில் அழிந்தால் குழந்தைக்கும் விளங்கும். நீர் போவீர், நான் போவேன், அந்தப் பெண்களும் போவார்கள். சோதனை முடிந்த அடுத்த நாளே திறந்து தருகிறேன். அப்பா மேல் சத்தியம். ஐந்து கிழமை பொறும்.

அதுவரைக்கும் மாரியாயி அக்காவை வீட்டில் நிற்க விடாதையும். எப்படியாவது மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சும்மா இருத்தி வையும். அது உம்முடைய பொறுப்பு.

கடிதத்தைக் கிழித்துவிட்டீரா? பதில் தேவையில்லை. கிழித்துவிடும்.

தயானி

*

மேல்பிரிவு.
26.11.2024

தயானி,

நாலு நாளாகப் பேனையைப் பிடிக்க முடியவில்லை. நகமெல்லாம் போய்விட்டது. எழுத்து கோணலாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் சுபாஜினி தனியாகத்தான் வந்தது. முதல் நாள் சாயந்திரம் நானே அக்காவிடம் போய், மலைக்கு வந்து கொழுந்து நிறுக்கிற மடுவத்திலாவது உட்காருங்கள் என்று சொல்லியிருந்தேன். "முட்டோட மலையேறச் சொல்றியா, நீயா வந்து தூக்கிட்டுப் போறே?" என்றார். தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ஏழு பதினாறுக்கு அந்தப் பிள்ளை இரண்டு விரலையும் வைத்தது. நான் பார்த்தேன். பேசாமல் இருந்தேன். நீ இரண்டு தடவை நன்றி சொன்னாய்.

பத்து மணிக்கு மேடு இறங்கியது. நாலு காம்பிரா. மழை என்று பிள்ளைகளையும் வயதானவர்களையும் விடியவே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டதால் மற்ற மூன்றும் வெறும் வீடு. கடைசி வீட்டில் மட்டும் அக்கா.

இராணுவம் பதினொன்றரைக்கு வந்துவிட்டது, மண் அள்ளுகிற பெக்கோ மெஷினும் கூடவே வந்தது. இவ்வளவு சீக்கிரம் எங்கள் தோட்டத்துக்கு எதுவும் வந்ததில்லை. லெப்டினன்ட் கையில் உன் பட்டியல். மேல்பிரிவில் எல்லாரும் மலையில், யாரும் உள்ளே இல்லை. கீழ்ப்பிரிவில் இரண்டு பேரைக் காணவில்லை. அங்கேயும் லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மண் சரிந்திருந்தது.

நான் லெப்டினன்டிடம் போனேன். இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். முதலில் நான் சொன்னது, "உள்ளே ஆள் இருக்கலாம்" என்று. துரை பக்கத்தில் நின்றார், அதனால் இருக்கலாம் என்று சொன்னேன். அதற்குள் சுபாஜினி ஏழாம் நம்பரிலிருந்து விழுந்து எழும்பி ஓடிவந்து, "அம்மா உள்ள இருக்குங்கய்யா! நாந்தான் வெரல் வச்சேன்! என் வெரலுதான்!" என்று கத்தியது. அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. பதிவு பொய், விரல் மகளுடையது என்று சிங்களத்தில் சொன்னேன். அந்தப் பையன் நல்லவன், உடனே கொழும்புக்குக் கோல் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

ஒருவர் பேரில் இன்னொருவர் விரல் இருக்க முடியுமா என்று கேட்டான். இல்லை, அதற்கு இடமே இல்லை என்று பதில் வந்தது.

அது உன் குரல், தயானி. சிங்களத்தில் பேசினாலும் எங்களுக்குத் தெரியாதா? ஐந்தாறு மாதமாக ஒவ்வொரு காலையும் கேட்கிறோம். களத்தில் நின்ற அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெக்கோ கீழ்ப்பிரிவுக்குப் போய்விட்டது. அது போன பின்னால் பாதையிலும் மண் விழுந்தது. கீழே காணாமல் போன இரண்டு பேரும் பசறையில் கிளினிக்குக்குப் போயிருந்தார்கள். ஆளில்லாத மண்ணை அங்கே நாலு மணிநேரம் தோண்டினார்கள். இங்கே நாங்கள் மண்வெட்டியாலும் கவ்வாத்துக் கத்தியாலும் கையாலும் தோண்டினோம். உனக்கு மூன்று தடவை கோல் எடுத்தேன்.

நாலு மணி கழிந்துதான் அக்காவை எடுத்தோம். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இடம் இருந்திருக்கிறது. உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. கை சூடாக இருந்தது. மூச்சு நின்று ஒரு மணிநேரம் இருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

புவன்

*

வெள்ளவத்தை.
02.12.2024

புவன்,

உம்முடைய கடிதத்தைக் குளியலறைக்குள் இருந்து வாசித்தேன். வேறு எங்கேயும் கதவைப் பூட்ட முடியவில்லை.

அந்த அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். பெரிய திரையில் என்னுடைய பக்கம். அலவி சேர் எனக்குப் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்றார். லெப்டினன்ட் கேட்டதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இல்லை என்று வந்தது. ஒரு வினாடி, புவன். பிறகு திருத்தியிருக்கலாம். அதற்குள் அவர்கள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள், பட்டியல் இவ்வளவு வேகமாகப் போனதற்கு. உம்முடைய கோல் மூன்றும் மேசையில் அதிர்ந்தன. போனைக் கவிழ்த்து வைத்தேன். அழுதேன் என்று எழுதினால் உமக்கு எரிச்சல் வரும். எழுதவில்லை.

இனி நடக்கப் போவதைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் திகதி விசாரணை. கம்பெனியின் அறிக்கை தயாராகிவிட்டது. மாரியாயி என்பவர் ஏழு பதினாறுக்கு வேலைக்கு வந்தவர், பிறகு யாரிடமும் சொல்லாமல் மலையை விட்டு வீட்டுக்குப் போனவர், அதனால் கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறார்கள். தொழில்நுட்பம் சரியாக வேலை செய்தது என்ற பகுதிக்குக் கீழே என்னுடைய கையொப்பம் இருக்கிறது. போட்டுவிட்டேன்.

ஜூன் மாதம் நான் எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்பும். கையெடுத்துக் கும்பிடுகிறேன். அது வெளியில் வந்தால் வேலை மட்டும் இல்லை, மறியலுக்குக் கம்பி எண்ணப் போகவேண்டி வரும். அப்பாவுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

தயானி

*

மேல்பிரிவு.
13.12.2024

தயானி,

நேற்று விசாரணை நடந்தது. பத்திரிகையில் வராது, அதனால் நான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லவேண்டும். ஒன்பதாம் திகதி சுபாஜினி திரும்ப வேலைக்கு வந்தது. வரிசையில் வந்து பெருவிரலை வைத்தது, நீ நன்றி சொன்னாய். போகவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டு மோதிர விரலை வைத்தது. திரையில் அக்காவின் படம் வந்தது. பதிவுக்கு எடுத்த படம், சீலைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டு முறைப்பாரே, அதுதான். நீ மறுபடி நன்றி சொன்னாய். நான் பக்கத்தில் போனதும் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டது. "அழிச்சிறாதீங்கய்யா. ஒரு நாளைக்கி ஒரு தடவ, அம்புட்டுத்தான். பாத்துட்டுப் போயிர்றேன்" என்றது. அழிக்கிற சாவி என்னிடம் எங்கே இருக்கிறது?

விசாரணைக்கு வந்தவர் ஜெனீரா என்ற அரசாங்க அதிகாரி அம்மா, பதுளையிலிருந்து. அதிகம் பேசமாட்டார். கம்பெனி ஆள் ஏழு பதினாறு என்ற தாளை நீட்டினார். மாரியாயி வேலைக்கு வந்துவிட்டுச் சொல்லாமல் வீட்டுக்குப் போனார் என்று படித்தார். செத்தவர் மேல் பழி போடும்போது கூடக் குரல் நடுங்காத மனிதர். சுபாஜினி சொன்னதை, துக்கத்தில் பேசுகிறது என்றார்கள்.

என் சட்டைப் பைக்குள் உன் ஜூன் மாதக் கடிதம் இருந்தது. எடுக்கத்தான் கையை விட்டேன். அப்போது பிள்ளையே எழும்பியது. "வாங்க, காட்டுறேன்" என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தது. எல்லாரும் பெரட்டுக்களத்துக்குப் போனோம். இருபது நாளாகிறது அக்காவை மண்ணில் வைத்து. அத்தனை பேர் பார்க்க இடது மோதிர விரலை வைத்தது. பச்சை எரிந்தது. அக்கா முறைத்தார். நீ, "நன்றி, வருகை பதிவானது" என்றாய்.

ஜெனீரா அம்மா திரையைப் பார்த்தபடியே நின்றார். பிறகு தன்னுடைய புத்தகத்தில் எழுதினார். இப்படிச் செய்யச் சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். வேறு யாருக்கும் இதில் பங்குண்டா என்றார். என் பேரை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும் அம்மா என்றேன். கம்பெனி ஆள் அங்கேயே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். எல்லாருடைய விரலையும் சோதித்ததில் மற்றப் பத்துப் பெண்களின் பேரும் இப்போது மேசைக்கு மேலே இருக்கிறது. அவர்களை என்ன செய்வார்களோ தெரியவில்லை. பத்தொன்பதாம் திகதி பதுளையில் அடுத்த அமர்வு. கணக்கப்பிள்ளை தன் இஷ்டத்துக்குச் செய்தார், மேலிடத்துக்குத் தெரியாது என்று முடித்துவிடுவார்கள். நான் போவது எனக்குப் பெரிதில்லை. அந்தப் பத்துப் பேரும் என்னோடு சேர்ந்து போவார்கள், அதுதான் தாங்கவில்லை.

நீ கேட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. படம் பிடித்து வைக்கவில்லை, பிரதி எடுக்கவில்லை. என் வீட்டில் கேஸ் அடுப்பு. உன் வீட்டில் என்ன அடுப்பு என்று எனக்குத் தெரியாது.

ஸ்டோர் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் பெரட்டுப் புத்தகத்தை எடுத்துவந்துவிட்டேன். இன்று காலையில் வேலை இல்லாதவனாகக் களத்துக்குப் போய் ஒரு தடவை பேர் கூப்பிட்டேன். துரை தடுக்கவில்லை. ஒவ்வொருவராக இருக்கேன், இருக்கேன் என்றார்கள். மாரியாயி என்றதும் நான் அடுத்த பேருக்குப் போகவில்லை. சுபாஜினி வாயைத் திறக்கவில்லை, வேறு யாரும் திறக்கவில்லை. இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் அந்தப் பேருக்குச் சரியான பதிவு விழுந்தது.

இனி எனக்கு எழுதுவதென்றால் எழுது. பெரட்டுக்கு வராதவளை நான் வந்ததாகப் போடமாட்டேன்.

புவன்

*

வெள்ளவத்தை.
17.12.2024

புவன்,

கடிதம் கிடைத்தது. என்னுடைய கையெழுத்தை நானே வாசித்தேன். நானும் கேட்கமாட்டேன் என்று எவ்வளவு திடமாக எழுதியிருக்கிறேன்!

எங்கள் வீட்டிலும் கேஸ் அடுப்புத்தான். நேற்றுப் பின்னேரம் அதைப் பற்றவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்பா வந்து, "என்ன பிள்ளை, சும்மா எரிக்கிறாய்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனிசன் திட்டவில்லை. அடுப்பை நிப்பாட்டிவிட்டு, கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து, அது வந்த உறைக்குள்ளேயே வைத்துத் தந்தார். பிறகு போய்ச் சாமியறையில் இருந்துவிட்டார். இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

அலவி சேருக்கு இரவே ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். என்ன சொல்லப்போகிறேன் என்று இரண்டு வரி. இன்று காலை கந்தோருக்குப் போனேன். வாசல் கதவில் விரலை வைத்தேன். சிவப்பு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தேன். சேலையில் தேய்த்துவிட்டு வைத்தேன். கண்ணாடிக்கு உள்ளே என்னோடு நான்கு வருடம் இருந்து வேலை செய்தவர்கள் நின்றார்கள், ஒருவரும் கிட்ட வரவில்லை. காவலாளி ஜௌபர் நானா மட்டும், "மிஸ், உங்கட பேர் இதில இல்லையாம். நான் என்ன செய்ய?" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஏழு தரம் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அந்தக் கதவு என்னுடைய குரலிலேயே, தயவுசெய்து மீண்டும் முயற்சிக்கவும் என்று சொன்னது.

பத்துப் பெண்களுக்கும் நான்தான் அனுமதி கொடுத்தேன் என்று எழுதிக் கையொப்பம் போட்டு வைத்திருக்கிறேன். ஜூன் மாதக் கடிதமும் கையில் இருக்கிறது. லெப்டினன்டுக்கு நான் சொன்ன பதிலையும் எழுதியிருக்கிறேன். பத்தொன்பதாம் திகதி அதை நானே வாசிப்பேன். பிறகு என்ன நடக்கும் என்று தெரியாது. பயமாக இருக்கிறது, புவன்.

நாளைக் காலை ரயிலில் ஏறுகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் பதுளைக்கு வந்துவிடுவேன். ஆனாலும் தபாலில் போடுகிறேன், அங்கே கால் பின்வாங்கினால் உம்முடைய கையில் இது இருக்கட்டும்.

விசாரணைக்கு அந்தப் பழைய புத்தகத்தைக் கொண்டுவாரும். தொடங்குவதற்கு முன்னால் சுபாஜினி கேட்கும்படியாக என்னுடைய பெயரையும் கூப்பிடும். இருக்கிறேன் என்று சொல்வேன்.

தயானி